எடைக்குப் போகாத பித்தளை

1808ஆம் ஆண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் மேலே அரை டன் எடையுள்ள ஒரு கருவியைக் கயிறு கட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பாதி வழியில் ஒரு கயிறு அறுந்தது. கருவி ஊசலாடிப் போய்க் கற்சுவரில் மோதியது.

அந்தக் கருவி ஒரு தியோடலைட். லண்டனில் வில்லியம் கேரி செய்தது. 36 அங்குல விட்டமுள்ள பெரிய வட்டம், அதன் விளிம்பு நெடுக மயிரிழை போன்ற கோடுகள், நடுவில் தொலைநோக்கி. மைல் கணக்கான தூரத்தில் இரண்டு குன்றுகளின் மேல் நட்ட இரண்டு கொடிகளைப் பார்த்து, அவற்றுக்கு இடையே உள்ள கோணத்தை இந்தக் கோடுகளில் படிப்பார்கள். காவிரிப் படுகையில் குன்று ஏது? எங்கு திரும்பினாலும் தென்னந்தோப்பு. அதனால்தான் கர்னல் வில்லியம் லாம்டன் கோயில் கோபுரங்களின் மேல் ஏறி அளந்துகொண்டு வந்தார். அவர் தொடங்கிய அந்த அளவை, பிற்பாடு கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து இமயமலை அடிவாரம் வரை நீண்டது.

மோதியதில் வட்டம் கோணிப்போயிற்று. வட்டம் கோணினால் கோணம் பொய் சொல்லும். லண்டனிலிருந்து இன்னொன்று வருவதென்றால் மாதக்கணக்காகும். வேறு யாராக இருந்தாலும் மூலையில் போட்டிருப்பார்கள். லாம்டன் அதைத் திருச்சிக்குக் கொண்டுபோனார். கூடாரத்துக்குள் நுழைந்தார். ராணுவப் பட்டறைக் கைவினைஞர்கள் சிலரைத் தவிர யாரையும் உள்ளே விடவில்லை. பெரிய தட்டைப் பலகை ஒன்றில், வட்டம் முன்பு இருந்த அதே அளவுக்கு ஒரு வட்டம் வெட்டினார்கள். ஆப்பு, திருகாணி, கப்பி இவற்றைக் கொண்டு நெளிந்த விளிம்பைப் பலகையின் அளவுக்கு வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார்கள். ஆறு வாரம் ஆயிற்று. கருவி ஏறக்குறைய பழைய உருவத்துக்கு வந்தது. மறுபடி வேலைக்கும் போனது.

பழைய அறிவியல் கருவிகளின் மதிப்பைப் பற்றிப் பேசும்போது இந்த ஆறு வாரத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பளபளப்பும் பெரிய பேரும் ஒரு கருவியை அரும்பொருளாக்கிவிடாது. யார் கைகளுக்குள் அது போய் வந்தது, எங்கே அடிபட்டது, யார் நிமிர்த்தினார் என்ற கதை அதற்கு இருக்க வேண்டும். இந்தத் தியோடலைட்டுக்கு அடிபடும் முன்பே ஒரு கதை இருந்தது. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரும்போதே பிரெஞ்சுக்காரர்கள் கையில் சிக்கி மொரீஷியசுக்குப் போனது. அறிவியல் கருவி என்று தெரிந்ததும் அவர்கள் மரியாதையோடு மதராசுக்கு அனுப்பிவைத்தார்கள்.

லாம்டனின் அளவுச் சங்கிலி இன்னும் சுற்றி வந்தது. லண்டனில் ஜெஸ்ஸி ராம்ஸ்டன் செய்த எஃகுச் சங்கிலி அது. 100 அடி நீளம், இரண்டரை அடி வீதம் 40 கண்ணிகள். 1793இல் தூது போன மெக்கார்ட்னி பிரபு சீனப் பேரரசருக்குக் கொண்டுபோன பரிசுகளில் அதுவும் ஒன்று. பேரரசர் வேண்டாம் என்றுவிட்டார். அந்தத் தூதுக்குழுவில் இருந்த ஜேம்ஸ் டின்விடி அதைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அவரிடமிருந்து மதராஸ் அரசு விலைக்கு வாங்கியது. 1802 ஏப்ரல் 10ஆம் தேதி பரங்கிமலைக்குப் பக்கத்தில் அந்தச் சங்கிலியை விரித்தார்கள். பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல். வெயிலில் எஃகு நீளும் என்பதால் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, முக்காலிகள் மேல் தாங்கி, வெப்பமானி வைத்துப் பார்த்துக்கொண்டே நகர்ந்தார்கள். 400 தடவை சங்கிலி நீட்டி அளந்து முடிக்க 57 நாள் ஆனது.

கருவி செய்தவரின் பெயர் தங்கும். பழுது பார்த்தவரின் பெயர் பெரும்பாலும் தங்காது. விதிவிலக்காக ஒருவர் உண்டு. ஆற்காட்டுக்காரர் சையது மீர் மொஹ்சின் உசேன். மதராசில் நகைத் தொழிலில் இருந்த அவரைக் கர்னல் வாலண்டைன் பிளாக்கர் கல்கத்தாவுக்கு அழைத்துப் போனார். லாம்டனுக்குப் பிறகு அளவைப் பணியை நடத்திய ஜார்ஜ் எவரெஸ்ட், ஹென்றி பாரோ என்ற ஆங்கிலேயரைக் கருவி செய்ய வரவழைத்திருந்தார். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை, பாரோ விலகினார். அந்த இடத்துக்கு மொஹ்சின் உசேன் வந்தார். எவரெஸ்ட் அவருக்காக மேலிடத்தில் வாதாடிப் பதவி வாங்கிக் கொடுத்தார். பெரிய வட்டங்களில் தேய்ந்த கோடுகளை அழித்துப் புதிதாகக் கோடு கீறுவது லண்டன் பட்டறைகளுக்கே உரிய வித்தை என்று எண்ணியிருந்த காலம். ஆற்காட்டுக்காரர் அதை இந்தியாவில் உட்கார்ந்து செய்து காட்டினார். எவரெஸ்ட் பெயரில் உலகத்தின் உயர்ந்த சிகரம் நிற்கிறது. மொஹ்சின் உசேன் பெயரை நம் பள்ளிப் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாவது சேர்க்கலாம்.

எல்லாக் கருவிக்கும் இந்த யோகம் வாய்ப்பதில்லை. டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லேவன்ஹூக், கண்ணுக்குத் தெரியாத உயிர்களை முதலில் கண்டவர், தம் கையாலேயே 500க்கு மேற்பட்ட நுண்ணோக்கிகளைச் செய்தார். 1723இல் அவர் இறந்தபோது 26 வெள்ளி நுண்ணோக்கிகள் லண்டன் ராயல் சொசைட்டிக்குப் போய்ச் சேர்ந்தன. அத்தனை பெரிய சங்கத்திலிருந்தே அவை 19ஆம் நூற்றாண்டில் காணாமல் போயின. வெள்ளியிலும் பித்தளையிலுமாக இன்று உலகத்தில் மிஞ்சியவை ஒரு டஜன் அளவுதான். 2009இல் லண்டன் ஏலத்தில் ஒன்று 3 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. ஆள்காட்டி விரல் நீளம்கூட இல்லாத தகடு அது.

நம் பக்கத்தில் தப்பியவையும் உண்டு. வில்லியம் பெட்ரி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி 1786இல் எழும்பூரில் தம் சொந்தச் செலவில் ஒரு வானாய்வுக்கூடம் வைத்திருந்தார். அவருடைய கருவிகளைக் கொண்டுதான் 1792இல் நுங்கம்பாக்கத்தில் மதராஸ் வானாய்வுக்கூடம் எழுந்தது. கருவி ஆடாமல் நிற்க நட்ட 15 அடிக் கருங்கல் தூண், வானிலை மைய வளாகத்தில் இன்றும் இருக்கிறது. ஆயிரம் ஆண்டு கழித்து வருபவர்களுக்கும் தெரியட்டும் என்று அதில் பொறித்து வைத்தார்கள். தமிழிலும் எழுத்து உண்டு. கேப்டன் குக்கின் பயணத்துக்குக் கடிகாரம் செய்து கொடுத்த ஜான் ஷெல்டனின் கடிகாரம் ஒன்றும் மதராசில் ஓடியது. 1899இல் வானாய்வு வேலை கொடைக்கானலுக்குப் போனபோது அதுவும் மலையேறியது. அங்கே அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

இங்கிலாந்தில் ராபர்ட் விப்பிள் என்ற கருவிக் கம்பெனி நிர்வாகி, வாழ்நாள் முழுக்கச் சேர்த்த ஆயிரம் பொருள்களை 1944இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். இங்கே அப்படிச் சேர்த்தவர்கள் குறைவு. பழைய பித்தளை பாத்திரக்கடைக்கு எடைக்குப் போய்விடும். எடைக்குப் போடாமல் வைத்திருப்பவர்களும் ஆயுத பூசை வந்தால் புளி போட்டுத் தேய்த்துவிடுகிறார்கள். இது எடைக்குப் போடுவதைவிடக் கொஞ்சம்தான் மேல். அந்தக் காலத்துக் கருவிப் பித்தளைக்கு மேலே அரக்கு மெருகு பூசியிருப்பார்கள். புளிக்கு முதலில் மெருகு போகும், பிறகு மெல்லிய அளவுக்கோடு தேயும், கடைசியில் செய்தவரின் பெயரும் மங்கும். பெயரும் கோடும் போனபின் அது வெறும் பித்தளை.

உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் மருந்துத் தராசோ, நில அளவைத் திசைகாட்டியோ, ஒற்றைக்கண் நுண்ணோக்கியோ கிடந்தால் புளியை எடுக்காதீர்கள். உலர்ந்த மெல்லிய துணியால் தூசி தட்டினால் போதும். அது யாருடையது, எந்த ஊரில் பயன்பட்டது, யார் பழுது பார்த்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு சீட்டில் எழுதி, நூலால் கட்டி வையுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.