ஏப்பத்தின் கணக்கு: கால்நடை மீத்தேன் ஆய்வு கடந்து வந்த தடம்

மாட்டின் வயிற்றில் உண்டாகும் மீத்தேனை முதலில் அளந்தவர்களுக்குப் பருவநிலை பற்றிய கவலை இருந்ததில்லை. போட்ட தீவனம் பாலாகவும் இறைச்சியாகவும் மாறாமல் எங்கே போகிறது என்பதே அவர்கள் கவலை. கால்நடை வளர்ப்பின் சூழல் சுமை என்று இன்று சொல்லப்படும் எண்களைப் புரிந்துகொள்ள இந்தத் தொடக்கத்திலிருந்துதான் வர வேண்டும். எந்தக் கேள்விக்காக அளந்தார்களோ, அந்தக் கேள்வியே விடையின் அளவையும் பெரும்பாலும் தீர்மானித்திருக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மானியத் தீவன ஆய்வாளர்கள் மாட்டை ஒரு மூடிய அறைக்குள் கட்டிவைத்து, உள்ளே செல்லும் காற்றையும் வெளிவரும் காற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். லைப்சிக் அருகே மாக்கெர்ன் ஆய்வு நிலையத்தில் ஓஸ்கார் கெல்னரும், அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலக் கல்லூரியில் ஹென்றி ஆர்ம்ஸ்பியும் இந்த முறையைச் செம்மைப்படுத்தினர். அந்த வாயு உண்டாகும் விதம் பின்னர் தெளிவானது: முதல் இரைப்பையில் நுண்ணுயிர்கள் நார்ச்சத்தை நொதிக்கவைக்கும்போது ஹைட்ரஜன் மிஞ்சுகிறது, வேறு சில நுண்ணுயிர்கள் அதைக் கரியமில வாயுவோடு சேர்த்து மீத்தேனாக்குகின்றன, மாடு அதை ஏப்பமாக விடுகிறது. (பின்புறமிருந்து வருவதாகக் கேலிச்சித்திரக்காரர்கள் வரைவது வேடிக்கைக்கு ஆகும், உண்மைக்கு ஆகாது.) தின்ற தீவனத்தின் ஆற்றலில் 2 முதல் 12 விழுக்காடு வரை இப்படிக் காற்றில் போகிறது. 1965இல் ஸ்காட்லாந்தின் பிளாக்ஸ்டரும் கிளாப்பர்ட்டனும், தீவனத்தின் அளவும் செரிமானத் தன்மையும் தெரிந்தால் மீத்தேனை முன்கூட்டியே கணிக்கலாம் என்று சமன்பாடு தந்தனர். அதுவும் தீவனச் சிக்கனத்துக்காகவே.

திருப்பம் 1986இல் வந்தது. வளிமண்டல வேதியியலாளர் பால் குருட்சனும் அவருடைய சகாக்களும் இந்தத் தீவனக் கணக்குகளை உலகக் கால்நடை எண்ணிக்கையோடு பெருக்கினர். வளர்ப்பு விலங்குகள் ஆண்டுக்கு 7.4 கோடி டன் மீத்தேனை வெளியிடுகின்றன, 1890இல் அது சுமார் 1.7 கோடி டன்னாக இருந்திருக்கும் என்பது அவர்கள் முடிவு. ஒரே கட்டுரையில், கொட்டிலின் நட்டக் கணக்கு வானத்தின் கணக்காக மாறிவிட்டது. அளந்தவை பெரும்பாலும் மேலைநாட்டு மாடுகள். பெருக்கப்பட்டவை உலகத்து மாடுகள்.

இந்த இடைவெளி 1990களில் அரசியலாக வெடித்தது. வாஷிங்டனில் இயங்கும் உலக வள நிறுவனம், பசுங்குடில் வாயு வெளியேற்றத்தில் இந்தியாவை முன்வரிசை நாடுகளுள் ஒன்றாகக் காட்டியது. 1991இல் இந்தியச் சூழலியலாளர்கள் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் இதற்கு எழுதிய மறுப்பு, பிழைப்புக்கான வெளியேற்றத்தையும் சொகுசுக்கான வெளியேற்றத்தையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று கேட்டது. அதே ஆண்டில் ஏ.பி. மித்ரா தலைமையில் இந்திய விஞ்ஞானிகள், மீத்தேனின் இன்னொரு மூலமான நெல்வயல்களில் நேரடியாக அளந்தனர். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 3.7 கோடி டன்னுக்கு மேல் என்று மதிப்பிட்டிருந்த இந்திய வயல்களின் மீத்தேன், ஏறத்தாழ 40 லட்சம் டன் என்று தெரியவந்தது. நெல்லுக்கு நடந்த இந்தத் திருத்தம் மாட்டுக்கு இவ்வளவு விரைவாக நடக்கவில்லை. வயல் நின்ற இடத்தில் நிற்கும். மாடு மேயப் போய்விடும்.

அந்தச் சிக்கலுக்கு 1994இல் ஒரு விடை கிடைத்தது. மெதுவாகக் கசியும் வாயு அடைத்த சிறு குழலை மாட்டின் இரைப்பையில் இட்டு, கழுத்தில் மாட்டிய கலத்தில் மூச்சைச் சேகரிக்கும் முறை அது. மாடு மேய்ச்சலில் இருக்கும்போதே அளக்கலாம். ஆனால் நாடுகள் அறிக்கை எழுதும்போது பெரும்பாலும் கையேட்டு எண்களையே எடுத்தன. பருவநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழுவின் 1996ஆம் ஆண்டு வழிகாட்டியில் வட அமெரிக்கக் கறவை மாட்டுக்கு ஆண்டுக்கு 118 கிலோ மீத்தேன். இந்தியத் துணைக்கண்டத்துக் கறவை மாட்டுக்கு 46 கிலோ.

2006இல் உலக உணவு வேளாண் நிறுவனத்தின் ‘கால்நடையின் நீண்ட நிழல்’ அறிக்கை, மனிதச் செயல்களால் வெளியாகும் பசுங்குடில் வாயுக்களில் 18 விழுக்காடு கால்நடைத் துறையினுடையது, போக்குவரத்தைவிட அதிகம் என்றது. தீவன விளைச்சல், காடழிப்பு, எரு என எல்லாவற்றையும் மாட்டின் பக்கம் சேர்த்துவிட்டு, வாகனத்துக்குப் புகைக்குழாயை மட்டும் கணக்கிட்ட ஒப்பீடு அது. கலிபோர்னியப் பேராசிரியர் ஃபிராங்க் மிட்லோனர் இதைச் சுட்டியபோது, அறிக்கை ஆசிரியர்களுள் ஒருவர் அந்த ஒப்பீட்டின் குறையை ஒப்புக்கொண்டார். 2013இல் அதே நிறுவனம் 14.5 விழுக்காடு என்றது; 2023இல் சுமார் 12 என்றது. இதனால் மாடுகள் திருந்திவிட்டன என்று பொருளில்லை. எல்லைக்கோடும் முறையும் தரவும் ஆண்டும் மாறின.

வகுக்கும் எண்ணை மாற்றினாலோ படமே தலைகீழாகிறது. 2010இல் வந்த பால்துறை ஆய்வின்படி, ஒரு கிலோ பாலுக்குத் தொழில்மயமான நாடுகளில் 1 முதல் 2 கிலோ கரியமில வாயுச் சமானம். சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவில் சுமார் 7.5 கிலோ. தலைக்கு எண்ணினால் அமெரிக்க மாடு குற்றவாளி, லிட்டருக்கு எண்ணினால் ஏழையின் மாடு குற்றவாளி. வைக்கோலைத் தின்று ஏர் இழுத்து, வறட்டிக்குச் சாணியும் தரும் மாட்டின் முழு ஏப்பத்தையும் அதன் இரண்டு லிட்டர் பாலின் தலையில் ஏற்றுவது நேர்மையான கணக்கு அன்று என்பது என் கருத்து. இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து ஆடு மேய்க்கும் கீதாரிகள் அறுவடை முடிந்த தஞ்சை வயல்களில் கிடை போடுகிறார்கள். அந்த ஆட்டு எருவுக்கு நில உடைமையாளர் கூலி தருகிறார். பாலையும் இறைச்சியையும் மட்டும் வகுக்கும் எண்ணாகக் கொண்ட பட்டியலில் அந்த எருவுக்கு இடமே இல்லை.

அதற்காக ஏப்பம் இல்லை என்று ஆகிவிடாது. இந்திய வேளாண் துறையின் வெளியேற்றத்தில் பாதிக்கு மேல் கால்நடைகளின் குடல் நொதித்தலிலிருந்தே வருகிறது. பெங்களூருவிலுள்ள தேசிய கால்நடை ஊட்டவியல், உடலியங்கியல் நிறுவனம் டானின் மிகுந்த தாவரங்களிலிருந்து ‘ஹரித் தாரா’ என்ற தீவனச் சேர்ப்பைச் செய்து, மீத்தேனை 17 முதல் 20 விழுக்காடு குறைக்கலாம் என்கிறது. கெல்னர் காலத்துக் கேள்வி, வீணாகும் தீவனத்தை எப்படி மீட்பது என்பது, இங்கே மறுபடி தலைகாட்டுகிறது. விவசாயிக்கு அந்தக் கேள்விதான் புரியும்.

2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டு மாடுகள் 6 விழுக்காடு குறைந்திருந்தன. அயல் இன, கலப்பின மாடுகள் ஏறத்தாழ 27 விழுக்காடு கூடியிருந்தன. கலப்பினம் அதிகம் தின்னும், அதிகம் கறக்கும். ஆகவே இனி வரும் இந்திய அறிக்கைகளில் தலைக்கான மீத்தேன் ஏறும், லிட்டருக்கான மீத்தேன் இறங்கும். இரண்டு எண்களையும் ஒரே பக்கத்தில் அச்சிடாத அறிக்கையை நம்ப வேண்டாம்.