இலைக்குக் கிடைத்த நிழல்

சுருட்டு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது அதன் நெடி. ஆனால், வியாபாரி முதலில் பார்ப்பது மேலே சுற்றியிருக்கும் இலையைத்தான். அது மெல்லியதாக, ஓட்டையில்லாமல், நரம்பு புடைக்காமல் இருக்க வேண்டும். சுருட்டு இலைகளில் விலை மிகுந்ததும் அதுவே. அந்த ஓர் இலைக்காக வயலுக்கே துணிக்கூரை போட்டார்கள் என்றால் நம்புவீர்களா?

கதை தொடங்குவது நமக்கு அருகில்தான். மலாக்கா நீரிணைக்கு அப்பால், சுமத்ராவின் டெலி வட்டாரத்திற்கு 1863-இல் வந்த டச்சுக்காரர் நியன்ஹெய்ஸ் புகையிலை பயிரிட்டார். டெலி இலை உலகச் சந்தையைப் பிடித்தது. சீனர்கள் பயிரைக் கவனித்தார்கள். தமிழர்கள் சாலை போட்டார்கள், வடிகால் வெட்டினார்கள், மாட்டு வண்டி ஓட்டினார்கள். 1880-இல் வந்த கூலிச் சட்டப்படி, ஒப்பந்தத்தை முறித்து ஓடிய தொழிலாளிக்குச் சிறைத் தண்டனை. மேடான் நகரில் 1884-இல் எழுந்த ஸ்ரீ மாரியம்மன் ஆலயம் இன்றும் அந்தத் தமிழர்களை நினைவூட்டுகிறது.

டெலி இலையால் அடிபட்டவர்கள் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநில விவசாயிகள். 1890-இல் இறக்குமதி வரியை உயர்த்தியும் போட்டி ஓயவில்லை. எனவே, 1900-இல் வின்ட்சர் என்னும் ஊரில் அரசு வேளாண் நிபுணர்கள் சுமத்ரா விதையைப் பயிரிட்டு, கம்பங்கள் நட்டு, மேலே மெல்லிய பருத்தித் துணியை விரித்தார்கள். வெயிலின் கடுமை தணிந்தது. உள்ளே ஈரப்பதம் நின்றது. இலை அகலமாகவும் மெல்லியதாகவும் வளர்ந்தது. பள்ளத்தாக்கெங்கும் வெள்ளைக் கூடாரங்கள் பரவின.

வேலைக்கு ஆள் வேண்டுமே? தென் மாநிலங்களிலிருந்து கறுப்பின மாணவர்கள் வந்தார்கள். பின்னர் ஜமைக்கர்களும் புவெர்ட்டோ ரிக்கர்களும் வந்தார்கள். 1944-ஆம் ஆண்டுக் கோடையில் சிம்ஸ்பரி வயலுக்குக் கல்லூரிச் செலவுக்காக வந்த மாணவர்களில் ஒருவருக்கு வயது 15. அவர்தான் மார்ட்டின் லூதர் கிங்!

வெயிலில் வேர்த்து உழைத்தாலும், அங்கே அவரால் வெள்ளையரோடு ஒரே தேவாலயத்தில் வழிபட முடிந்தது. விரும்பிய உணவகத்தில் சாப்பிட முடிந்தது. வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் அந்த வியப்பைக் காணலாம். ஊர் திரும்பும்போதோ, வாஷிங்டனில் கறுப்பருக்கான தனிப் பெட்டிக்கு மாற வேண்டியிருந்தது. ரயிலின் உணவுப் பெட்டியில் திரைக்குப் பின்னால் உட்கார வைக்கப்பட்ட அவமானத்தையும் பின்னாளில் அவர் பதிவு செய்தார்.

இலை வாடாமல் காக்க ஒரு துணி. மனிதனை மறைக்க ஒரு துணி! பயிருக்கு நிழல் கொடுக்கத் தெரிந்த உலகம், உழைத்தவனுக்கு மதிப்புக் கொடுக்க நெடுங்காலம் எடுத்துக்கொண்டது.

நேயர்களே, அடுத்த முறை மேடான் சென்றால் மாரியம்மன் ஆலய வாசலில் ஒரு நிமிடம் நில்லுங்கள். காட்டை வெட்டிச் சாலை போட்ட நம்மவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.