சங்கிலியும் சான்றிதழும்

முதலில் பள்ளிக்கூடம், பிறகு பாடம், அதன் பின் எப்போதாவது ஒரு முறை வெளியே போய் உலகத்தைப் பார்த்து வருவது என்பதுதான் படிப்பின் இயற்கையான வரிசை என்று நாம் நினைத்துப் பழகிவிட்டோம். சென்னை ராஜதானியில் பொறியியல் கல்வி பிறந்த விதத்தை விசாரித்துப் பார்த்தால், இந்த வரிசை அங்கே தலைகீழாக இருந்தது தெரியவருகிறது. அளக்க வேண்டிய நிலமும், ஆழம் பார்க்க வேண்டிய கடற்கரையும், அணை தாங்குமா என்று ஆராய வேண்டிய ஆறுகளும் முன்னதாகவே காத்துக் கிடந்தன. அந்த வேலைகளுக்கு ஆள் அகப்படாமல் திண்டாடிய பிறகே, ஆளை உண்டாக்குவதற்கென்று ஒரு பள்ளி ஏற்பட்டது.

அதை ஏற்படுத்தியவர் மைக்கேல் டாப்பிங். கிழக்கிந்தியக் கம்பெனியின் கடல் அளவையாளராகச் சென்னையில் உத்தியோகம் பார்த்த இவர், மசூலிப்பட்டணத்திலிருந்து கல்கத்தா வரையில் கரையோரமாகவே தரைமார்க்கமாய்ப் பிரயாணம் செய்து, வழிநெடுக வான நோக்கின் மூலம் ஊர்களின் இருப்பிடத்தை நிர்ணயித்தவர். கிருஷ்ணா, கோதாவரி நதிகளின் நீரைப் பாசனத்துக்குத் திருப்பக்கூடுமா என்று, ஆர்தர் காட்டன் அணை எழுப்புவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே பார்த்து ஆராய்ந்தவர். நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த வான ஆராய்ச்சி நிலையமும் அவர் திட்டத்தின்படி அமைந்ததே. கருவியைத் தாங்குவதற்காக அதில் நிறுத்திய கருங்கல் தூண், தமிழ் உட்படப் பல மொழிகளில் எழுத்துப் பொறித்தபடி, வானிலை ஆய்வு மையத்தின் வளாகத்தில் இன்றும் நிற்கிறது. இத்தனை காரியங்களையும் தம் கையாலும் இரண்டொரு உதவியாளர் கையாலும் செய்து முடிக்க முடியாது என்று கண்ட டாப்பிங், 1794-ஆம் வருஷம் மே மாதம் 17-ஆம் தேதி, எட்டே எட்டுப் பையன்களைச் சேர்த்துக்கொண்டு, கோட்டைக்கு அருகில் ஒரு கட்டடத்தில் அளவைப் பள்ளியைத் தொடங்கினார். கிண்டிப் பொறியியல் கல்லூரி தன் ஜன்ம தினமாகக் கொண்டாடுவது இந்த நாளைத்தான்.

பள்ளி என்ற பெயரைக் கேட்டதும் பெஞ்சும் கரும்பலகையும் நம் மனத்தில் தோன்றினால் அது பிசகு. பையன்கள் ஐரோப்பிய வம்சத்தவர். எழும்பூரில் ராணுவ வீரர்களின் அநாதைக் குழந்தைகளுக்காக நடந்துவந்த விடுதியிலிருந்து இப்படிப் பையன்களை எடுப்பது வழக்கமாயிற்று. அந்த விடுதியை 1789 முதல் மேற்பார்த்தவர் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டு வியந்து, பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை ஒழுங்குபடுத்தி, பிற்காலத்தில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் அதற்குச் சென்னை முறை என்றே பெயர் பெற்றுத் தந்தவர். ஆக, திண்ணையில் மணல் கீறிய கை, சுற்றி வளைத்து, கோணம் அளக்கும் தியோடலைட்டின் திருகாணியைத் திருகிய கைக்குக் கொஞ்சம் உறவுதான். இந்தப் பையன்களுக்கு வெளியே போகும் பயிற்சி என்று தனியாக ஒன்று கிடையாது. கணக்கையும் படம் வரைவதையும் ஓரளவு கற்றதும், எந்த அளவையாளர் எந்த ஜில்லாவில் கூடாரம் அடித்திருக்கிறாரோ அங்கே போய்ச் சேர வேண்டியது. மிச்சப் படிப்பு வழியில்.

வழி சுகமானதல்ல. பள்ளி தொடங்கி இரண்டு வருஷம் நிறையுமுன், 1796-இல், மசூலிப்பட்டணத்தில் ஜுரத்தில் டாப்பிங்கே மாண்டுபோனார்.

இந்தப் பள்ளியின் பயன் என்னவென்று உலகத்துக்குத் தெரிந்தது 1802-இல். அந்த வருஷம் ஏப்ரல் 10-ஆம் தேதி, பரங்கிமலைக்குப் பக்கத்தில், வில்லியம் லாம்டன் என்ற ராணுவ உத்தியோகஸ்தர் ஏழரை மைல் நீளமுள்ள ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் அளந்த மகா சர்வேக்கு அஸ்திவாரம் அந்தக் கோடு. அவர் கையில் இருந்த சங்கிலிக்கு ஒரு கதை உண்டு. லண்டனில் ராம்ஸ்டன் என்ற பிரசித்தி பெற்ற கருவிக் கம்மியர் செய்த அந்த நூறு அடி எஃகுச் சங்கிலி, சீனச் சக்கரவர்த்திக்குக் காணிக்கையாகப் போய், அவர் அதை லட்சியம் செய்யாததால் திரும்பி, கடைசியில் லாம்டனிடம் வந்து சேர்ந்தது. சக்கரவர்த்திக்கு வேண்டாத சங்கிலி பரங்கிமலைப் பொட்டலுக்கு வேண்டியதாயிற்று! சித்திரை வெயிலில் எஃகு நீளும் என்பதற்காக, சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, பெட்டிகளை முக்காலிகளின் மேல் மட்டம் பார்த்து நிறுத்தி, பக்கத்தில் வெப்பமானிகளை வைத்து, ஒவ்வொரு நூறு அடிக்கும் சூட்டைக் குறித்துக்கொண்டு, மறுபடி எல்லாவற்றையும் பெயர்த்து அடுத்த நூறு அடிக்குக் கொண்டுபோக வேண்டும். இப்படி ஏறக்குறைய நானூறு தடவை. உஷ்ணத்தால் உலோகம் விரியும் என்ற சூத்திரத்தை ஒரு வரியில் எழுதிவிடலாம். அதை நானூறு தடவை குனிந்து படித்தவனுக்கு அந்த வரி வேறு மாதிரி அர்த்தமாகும்.

லாம்டனுக்குப் பிரதான உதவியாளராக உயர்ந்து, பிற்காலத்தில் கல்கத்தாவில் சர்வேயின் கணிப்பு அலுவலகத்துக்குத் தலைவராக இருந்த ஜோஷுவா டி பென்னிங், இந்தச் சென்னைப் பள்ளியில் பயின்ற பையன்தான். அவரைப் போன்றவர்கள் கற்ற பாடங்களில் ஒன்று தஞ்சாவூரில் நடந்தது. 1808-இல், சமவெளியில் உயரமான இடம் வேறு அகப்படாமல், பெரிய கோயிலின் உச்சிக்கு அரை டன் எடையுள்ள தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். பாதி வழியில் கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி, அதன் வட்டத் தகடு கோணிப்போயிற்று. மிக நுண்ணிய பிசகைக்கூட விட்டுக்கொடுக்காத தகடு அது. இன்றைய கல்லூரி ஒன்றில் இது நடந்திருந்தால், விசாரணைக் கமிட்டி அமைத்து, கோயிலேறும் பயிற்சியை நிரந்தரமாக ரத்து செய்திருப்பார்கள். லாம்டன் கூடாரத்துக்குள் புகுந்து, ஆறு வாரம் போல உட்கார்ந்து, தகட்டை இழுத்தும் தட்டியும் மறுபடி வட்டமாக்கிக்கொண்டு வெளியே வந்தார். அளவை மேலே நடந்தது.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் ஒப்பவில்லை. சங்கிலி இழுத்தவர்களும், கொடி பிடித்தவர்களும், தியோடலைட்டைத் தோளில் சுமந்து கள்ளிக்காட்டில் நடந்தவர்களும் நம்மவர்கள். ஜுரம் அவர்களுக்கும் வந்தது. அவர்கள் பெயரை எந்தத் தூணிலும் வெட்டிவைக்கவில்லை. அளவை என்ற வித்தை நம் நாட்டுக்குப் புதிது என்பதும் இல்லை. கர்ணம் வீட்டுப் பிள்ளை, அப்பாவின் பின்னால் வரப்பில் நடந்து, எந்தப் புஞ்சை எவருடையது, எந்த மடை எப்போது திறப்பது என்பதைப் பத்து வயதுக்குள் தெரிந்துகொண்டான். ஸ்தபதியின் மகன் உளி பிடிப்பதற்கு முன்னால் உளி தீட்டக் கற்றான். அந்தப் பயிற்சிக்குச் சான்றிதழ் கிடையாது. வேறு ஜாதிப் பிள்ளைக்கு அதில் இடமும் கிடையாது. இரண்டாவது குறையை அநேகர் சௌகரியமாக மறந்துவிட்டுத்தான் குருகுலத்தைப் புகழ்கிறார்கள்.

களத்துக்கும் வகுப்புக்கும் இடையே சுவர் எழுந்தது 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் என்று சொல்லலாம். 1857-இல் சென்னை சர்வகலாசாலை ஏற்பட்டது. அதன் பிரதான வேலை பரீட்சை நடத்துவது. அளவைப் பள்ளி அந்தக் காலத்திலேயே சிவில் பொறியியல் பள்ளியாகி, கல்லூரியாகி, சர்வகலாசாலையோடு இணைந்தது; 1894-இல் இயந்திரப் பொறியியலும் சேர்ந்தது. பரீட்சை என்பது காகிதத்தில் எழுதக்கூடியதைத்தான் கேட்கும். சங்கிலி வெயிலில் எவ்வளவு நீளும் என்று கேட்கும். முக்காலியை மணலில் எப்படி நிறுத்துவது என்று கேட்காது. கேட்காததைப் படிப்பவன் கொஞ்சங் கொஞ்சமாகக் குறைந்தான். இதற்கு எதிராக நின்ற முயற்சிகளும் உண்டு. சைதாப்பேட்டையில் அரசாங்கம் ஒரு மாதிரிப் பண்ணையை வைத்து, சில வருஷம் பண்ணை நடந்த பிறகே, 1876-இல், அதில் விவசாயப் பள்ளியைத் திறந்தது. இதுவும் களம் முன்னே, பள்ளி பின்னே என்ற வரிசைதான். 1906-இல் அது கோயமுத்தூருக்குப் போயிற்று.

தொழிற்பயிற்சியைச் சட்டம் எப்படிப் பார்த்தது என்பது இன்னும் விநோதமானது. 1850-ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டம் அநாதைகளையும் ஏழைப் பிள்ளைகளையும் உத்தேசித்து எழுந்தது. பிழைக்க வழியில்லாத சிறுவனை ஒரு தொழிலாளியிடம் ஒப்பந்தம் எழுதிக் கட்டிவிடுவது அதன் நோக்கம். சுதந்திர இந்தியாவில் 1961-இல் புதிய சட்டம் வந்தது. 1973-இல் அதைத் திருத்திப் பட்டம் பெற்ற பொறியாளர்களையும் அதன் கீழ்க் கொண்டுவந்தார்கள். அநாதைக்கு அநுக்கிரகமாகத் தொடங்கியது, நூற்றுச் சொச்ச வருஷங்களில், பட்டதாரிக்கு வேண்டியதாயிற்று. அதாவது, பட்டம் ஒருவனுக்குத் தொழிலைச் சொல்லித் தரவில்லை என்பதைச் சட்டமே எழுத்தில் ஒப்புக்கொண்டது. இதைக் கல்லூரிகள் ஓர் அவமதிப்பாகக் கொள்ளாதது எனக்கு இன்றுவரை ஆச்சரியந்தான்.

வெளியே அழைத்துப்போகும் வழக்கம் அறவே நின்றுவிடவில்லை; தேய்ந்து வேறொன்றாயிற்று. மாணவர்கள் இன்று அதை ஐ.வி., அதாவது இண்டஸ்ட்ரியல் விசிட், என்கிறார்கள். ஒரு பஸ், இரண்டு ஆசிரியர்கள், தகப்பனார் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம். தொழிற்சாலையில் ஒரு மணி நேரம், ஊட்டியில் இரண்டு நாள். இதைக் கேலி செய்வது சுலபம். ஆனால் சம்மதக் கடிதத்துக்குப் பின்னால் துக்கமும் உண்டு. 2014 ஜூன் 8-ஆம் தேதி, ஹிமாசலப் பிரதேசத்தில் பியாஸ் நதியின் கற்களின்மேல் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேரை, லார்ஜி அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் அடித்துக்கொண்டு போயிற்று. அணையைப் பற்றிப் படிக்கும் வயதுப் பிள்ளைகள் அணை நீரில் மாண்டார்கள். அதன் பிறகு விதிகள் கடுமையானதைக் குறை சொல்ல நாக்கு எழவில்லை. விதி வந்த வேகத்தில் பயணமே குறைந்துபோன இடங்களும் உண்டென்பதை மட்டும் சொல்லி வைக்கலாம்.

கல்லூரிக்கு வர முடியாதவனைத் தேடிப் பாடம் போன சரித்திரம் தனி. மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியபோது, குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும் தபால்காரர் கொண்டுவரும் பொட்டலத்துக்குக் காத்திருந்து, விடுமுறை நாட்களில் நேர்வகுப்புக்கு பஸ் ஏறினார்கள். அதன் பேரப்பிள்ளையான இணையவழிப் பாடம் பிறந்த இடம்தான் நமக்கு இங்கே விசேஷம். அளவைப் பள்ளியின் வாரிசான கல்லூரி 1920-இல் கிண்டிக்குப் போய்ச் சேர்ந்தது. பரங்கிமலையில் லாம்டன் சங்கிலி பிடித்த இடத்துக்கு அது அதிக தூரமில்லை. அந்தக் கல்லூரி இருக்கும் சர்தார் படேல் சாலையிலேயே 1959-இல் ஐ.ஐ.டி. எழுந்தது. 2003-இல் ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கிய என்.பி.டி.இ.எல். என்ற காணொளிப் பாடத் திட்டத்துக்குச் சென்னை ஐ.ஐ.டி.யே ஒருங்கிணைப்பாளர். 2017-இல் மத்திய அரசின் ஸ்வயம் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழு முதலில் நூற்றுக்கு 20 பங்கு மதிப்பெண் அலகுகளையும், 2021 முதல் 40 பங்கையும் இப்படி இணையத்தின் மூலம் பெறலாம் என்று அனுமதித்தது. சங்கிலி இழுத்த பூமியிலிருந்தே, சங்கிலியைத் தொடாமல் படிக்கும் வழியும் புறப்பட்டிருக்கிறது. அதனால் எட்டாத ஊர்ப் பிள்ளைக்குப் பேராசிரியரின் குரல் எட்டியது. இந்த லாபம் சின்னதல்ல.

சிவில் பொறியியல் மாணவர்களுக்கு மட்டும் டாப்பிங்கின் பழைய வழக்கம் ஒரு துண்டு மிஞ்சியிருக்கிறது. அதன் பெயர் சர்வே கேம்ப். சில வருஷங்களுக்கு முன் ஒரு மலையடிவாரத்தில் அப்படியொரு கேம்ப்பைப் பார்க்க நேர்ந்தது. நான்கைந்து பிள்ளைகள், ஒரு பாலத்தின் சுவரில் குறித்திருந்த மட்டக்குறியிலிருந்து தொடங்கி, காலை முழுவதும் மேடு பள்ளங்களில் அளவுக்கோலை நிறுத்தி உயரம் படித்துக்கொண்டு, ஒரு சுற்றுச் சுற்றி அதே பாலத்துக்குத் திரும்பினார்கள். தொடங்கிய உயரமும் முடிந்த உயரமும் ஒன்றாக இருக்க வேண்டும். நோட்டில் கூட்டிப் பார்த்ததில் ஒரு முழ வித்தியாசம் வந்தது. பாலம் காலைக்கும் மாலைக்கும் நடுவில் ஒரு முழம் தாழ்ந்துவிடவில்லை என்பதில் அவர்களுக்கும் சந்தேகமில்லை. எந்த இடத்தில் கோல் சாய்ந்தது, எவன் அடியை மாற்றிப் படித்தான் என்று கொஞ்ச நேரம் சண்டை. உடன் வந்த ஆசிரியர் ஒன்றும் பேசாமல் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு பெண் கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு, வந்த வழியே திரும்பி நடக்க ஆரம்பித்தாள். மற்றவர்கள் முக்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்கள்.