ஜக்கார்டு அட்டையும் பியானோ ரோலும்: இசைச் செருகுநிரல்களின் இடைமுகத்தில் கமகம்

திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் கணினிவழி இயங்கும் ஜக்கார்டு நிட்டிங் இயந்திரத்திற்குரிய வடிவம் திரையில் கட்டம் கட்டமாக வரையப்படுகிறது. ஒரு கட்டம் ஒரு நூல் வளையம். ஊசி பின்னவேண்டுமா, நூலைப் பிடித்துமட்டும் வைக்கவேண்டுமா, விலகி நிற்கவேண்டுமா என்பது அக்கட்டத்தின் குறியால் தீர்மானமாகிறது. இவற்றுக்கு இடைப்பட்ட நிலை ஊசிக்கு இல்லை. இசைப்பதிவுக் கூடத்தின் திரையிலும் இத்தகைய கட்டங்களே உள்ளன. செருகுநிரலாகக் கிடைக்கும் வீணையையோ குழலையோ ஒலிக்கச் செய்யும் ‘பியானோ ரோல்’ திரையில் ஒவ்வொரு சுரமும் ஒரு செவ்வகம். இவ்வொற்றுமை தற்செயலானதன்று.

பிரான்சின் லியோன் நகரில் பசீல் பூஷோன் 1725இல் துளையிட்ட தாள்சுருளைத் தறியில் பயன்படுத்தினார். அவ்வழியில் வந்த ஜோசப் மரீ ஜக்கார்டின் அட்டைத்தறி 1804இல் உருவாயிற்று. துளை இருப்பின் நூல் உயரும், இல்லையேல் உயராது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பரவிய தானியங்கிப் பியானோவும் துளையிட்ட சுருளாலேயே இயங்கியது. 1908இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் கூடிய தயாரிப்பாளர்கள் 88 சுரங்களுக்கான சுருளைப் பொதுத்தரமாக ஏற்றனர். மென்பொருள் அச்சுருளின் தோற்றத்தோடு பெயரையும் எடுத்துக்கொண்டது. மின்னணு ஜக்கார்டு மிலான் கண்காட்சியில் அறிமுகமான 1983ஆம் ஆண்டிலேயே மின்னிசைக் கருவிகளை இணைக்கும் மிடி நெறிமுறையும் வெளிவந்தது. ஸ்டைன்பெர்க் நிறுவனத்தின் வி.எஸ்.டி. செருகுநிரல் முறை 1996இல் தோன்றியது.

துணிக்குப் பொருந்திய இவ்வமைப்பு கருநாடக இசைக்குப் பொருந்தவில்லை. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதன்று. ரிஷபத்திற்கும் மத்யமத்திற்கும் இடையே அசைவதே அதன் உரு. திரையிலோ அது நேரான ஒரு செவ்வகமாகக் கிடக்கும். அசைவு கீழே வேறொரு பட்டையில் ‘பிட்ச் பெண்ட்’ கோடாக வரையப்படும். ஒரே சுரத்தை ஈரிடத்தில் படிக்க வேண்டியிருக்கிறது. பல செருகுநிரல்களில் இவ்வளைவின் முன்னிருப்பு எல்லை மேலும் கீழும் இரண்டு அரைச்சுரங்கள். தோடிக் காந்தாரத்திற்கு அது சரியாகப் போதும். சட்ஜத்திலிருந்து பஞ்சமத்திற்குச் செல்லும் ஜாருவுக்கு ஏழு அரைச்சுரங்கள் வேண்டும். எல்லையை விரித்தால் வேறொரு சிக்கல் எழும். மிடி பதிவுசெய்வது சக்கரத்தின் நிலையைத்தான், சுருதியை அன்று. ஆகவே எல்லை வேறாக அமைந்த மற்றொரு செருகுநிரலில் அதே பதிவை ஒலிக்கவிட்டால் கமகம் குலைந்துவிடும். திரையிலோ கோடு மாறாமல் இருக்கும்; பிழை கண்ணுக்குத் தெரியாது. இதனை இசைக்கலைஞரின் கணினிப் பயிற்சிக் குறையாகக் கருதுவது பொருத்தமற்றது.

விசைப்பலகை பற்றிய இத்தகைய ஐயம் முன்பே எழுந்ததுதான். அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கியது. அத்தடை 1971 வரை நீடித்தது. ஆனால் தமிழ்ப் பாடகர்கள் சுருதியைச் சுட்டும் ‘கட்டை’ என்ற சொல்லே ஆர்மோனியத்தின் கட்டைகளோடு ஒட்டியது என்பதையும் மறக்கலாகாது. விசையை எண்ணுவதற்கு வைத்துக்கொண்டு, பாடுவதை அதன் பிடியிலிருந்து விலக்கிவைத்த மரபு இது. (செருகுநிரல்கள் அந்தக் கட்டைக் கணக்கையும் காட்டுவது அரிது, ஐந்தரைக் கட்டைக்காரர் ‘ஜி ஷார்ப்’ எனத் தேடவேண்டும்.)

எட்டயபுரத்தில் 1904இல் வெளியான சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி தெலுங்கு எழுத்தில் அமைந்தது. அதில் கமகக் குறிகள் சுர எழுத்தோடு சேர்த்தே அச்சிடப்பட்டன. படிப்பவரின் கண் வேறிடம் தாவவேண்டியதில்லை. மிடி உற்பத்தியாளர் சங்கம் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே வளைக்கும் எம்.பி.இ. முறையை 2018இல்தான் ஏற்றது. அதனை ஆதரிக்கும் சில மென்பொருள்களில் வளைவைச் சுரத்தின் மேலேயே வரைய இயலும். அங்கும் வரைபவர் முதலில் ஒரு கட்டத்தைத் தேர்ந்தாக வேண்டும். அசைவையே உருவாகக் கொண்ட காந்தாரத்தை எந்தக் கட்டத்தில் வைப்பது என்பதற்கு அம்முறையில் விடையில்லை.