கோபுர மின்னலங்காரம், திருவண்ணாமலை

கார்த்திகை தீபத் திருவிழாவின்போது அருணாசலேசுவரர் கோயிலின் ஒன்பது கோபுரங்களிலும் செய்யப்படும் விளக்கு அலங்காரம். கொடியேற்றம் தொடங்கிப் பத்து நாள் விழா முடியும்வரை கோயில் இரவில் ஒளிர்கிறது. 217 அடி உயரமும் 11 நிலைகளும் கொண்ட கிழக்கு ராஜகோபுரமே இதில் பார்வைக்கு முதன்மையானது. கிருஷ்ணதேவராயர் காலத்தில் தொடங்கி, தஞ்சை செவ்வப்ப நாயக்கர் காலத்தில் முடிந்த கட்டடம் அது.

அலங்காரம் இரு வகை. சீரியல் விளக்குச் சரங்கள் நிலைகளின் விளிம்பைக் கோடிட்டுக் காட்டும். போகஸ் விளக்குகள் சுவர் முழுவதையும் ஒளியால் நனைக்கும். பழைய சரங்களில் ஒரு பல்பு போனாலே வரிசை முழுவதும் அணைந்துவிடும். எல்.இ.டி. விளக்குக்கு மின்சாரம் குறைவு, சூடும் குறைவு. சிவப்பு, பச்சை, நீலச் சில்லுகளின் ஒளியளவைக் கூட்டிக் குறைத்தால் வேண்டிய நிறம் கிடைக்கும். அந்த வசதியே சில நேரம் வினையாகிறது: அடர்ந்த நீலமும் ஊதாவும் அடித்தால் சுதைச் சிற்பங்கள் தட்டையாகிவிடும். கீழிருந்து சாய்வாக விழும் மஞ்சள் ஒளியில்தான் நிழல் விழுந்து உருவங்கள் எடுப்பாகத் தெரியும். மைசூர் அரண்மனையில் ஒரு லட்சத்துக்கு நெருக்கமான குண்டு பல்புகள் எரிவதன் அழகும் இந்த மஞ்சளில்தான் இருக்கிறது.

விழாவின் உச்சம் மின்சாரத்தில் இல்லை. பத்தாம் நாள் மாலை 6 மணிக்கு 2,668 அடி மலையுச்சியில், கொப்பரையில் நெய்யும் திரியுமாக மகாதீபம் ஏற்றப்படும். அதைக் கண்ட பிறகே ஊரார் வாசலில் அகல் ஏற்றுகிறார்கள்.