இரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் காய்ச்சலா? காலை வரை காத்திருக்க வேண்டாம்

தஞ்சோங் ரம்புத்தான்: இரவில் காய்ச்சல் வந்தால் பனடோல் போட்டுப் படுத்துவிட்டு, காலையில் கிளினிக்குக்குப் போவதுதான் பலரின் வழக்கம். ஆனால் லுக்கீமியா, லிம்போமா, மைலோமா போன்ற இரத்தப் புற்றுநோய்களுக்குச் சிகிச்சை பெறுபவர்களுக்கு இந்தக் காத்திருப்பு உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஏன் இவ்வளவு அவசரம்?

கிருமிகளை முதலில் எதிர்ப்பவை நியூட்ரோஃபில் எனும் வெள்ளை அணுக்கள். நோயும் கீமோதெரபியும் இவற்றைக் குறைத்துவிடும். பல கீமோ மருந்துகளில், மருந்து ஏற்றிய 7 முதல் 14 நாட்களுக்குள் இவை மிகக் குறைவாக இருக்கும். ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 500க்கும் கீழே போனால், சாதாரணக் கிருமியும் சில மணி நேரத்தில் இரத்தம் முழுக்கப் பரவலாம். சண்டை போட அணுக்கள் இல்லாததால் சளி, சீழ், வீக்கம் எதுவும் தெரியாமல் போகலாம். காய்ச்சல் மட்டுமே ஒரே அறிகுறியாக இருக்கக்கூடும்.

எப்போது கிளம்ப வேண்டும்?

உடல் வெப்பம் ஒரே முறை 38.3 பாகையைத் தொட்டாலோ, 38 பாகையில் ஒரு மணி நேரம் நீடித்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். உங்கள் மருத்துவர் இதைவிடக் குறைந்த அளவைச் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். அளந்து பார்க்காமல் பனடோல் சாப்பிட வேண்டாம். அது காய்ச்சலை மறைத்துவிடும். ஸ்டீராய்டு மருந்து எடுப்பவர்களுக்குக் காய்ச்சலே வராமலும் போகலாம். நடுக்கம், மயக்கம், மூச்சிரைப்பு, குழப்பமான பேச்சு இருந்தாலும் கிளம்பிவிடுங்கள்.

எங்கே போவது?

தஞ்சோங் ரம்புத்தானில் உள்ள உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை மனநல மருத்துவமனை. எனவே சிகிச்சை பெறும் மருத்துவமனை அல்லது ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் அவசரப் பிரிவுதான் சரியான இடம். நிலைமை மோசமாக இருந்தால் 999ஐ அழையுங்கள். போனதும், "கீமோ நடக்கிறது, காய்ச்சல் இருக்கிறது" என்று முதலிலேயே சொல்லுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஆண்டிபயாடிக் ஏற்றுவதே மருத்துவர்களின் இலக்கு. சிகிச்சை அட்டையையும் மருந்துப் பட்டியலையும் பையில் தயாராக வைத்திருங்கள்.

வீட்டில் என்ன கவனம்?

• சமைக்கும் முன்பும் சாப்பிடும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வேகாத முட்டை, இறைச்சி, காய்ச்சாத பசும்பால் வேண்டாம்.

• தோட்டத்து மண்ணைத் தொடாதீர்கள். மலேசிய மண்ணிலும் தேங்கிய நீரிலும் மெலியோய்டோசிஸ் கிருமி வாழ்கிறது. எலிச் சிறுநீர் கலந்த நீரால் லெப்டோஸ்பைரோசிஸ் வரும்.

• குடும்பத்தினர் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளலாம். ஆனால் நோயாளிக்கு அம்மை தடுப்பூசி போன்ற உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகள் பொதுவாகக் கூடாது.

• முன்பு ஹெபடைடிஸ் பி அல்லது காசநோய் வந்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். சிகிச்சையின்போது அவை மீண்டும் தலைதூக்கலாம்.

இரவு நேரத்தில் யார் வண்டி ஓட்டுவது என்பதைக் கீமோ தொடங்கும் முன்பே வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு தெர்மாமீட்டரும் கையருகே இருக்கட்டும்.