வைக்கிங் வேடமும் ஆடித் திருவாதிரையும்

வைக்கிங் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கொம்பு வைத்த தலைக்கவசம்தான். ஆனால் வைக்கிங்குகள் அப்படி ஒன்றை அணிந்து போருக்குப் போனதற்குச் சான்றே இல்லை. 1876-ல் ஜெர்மனியில் அரங்கேறிய வாக்னரின் இசை நாடகத்துக்காக, உடை வடிவமைத்தவர் வைத்த கொம்பு அது! அதனால்தான் இன்று ஐரோப்பாவில் வைக்கிங் காலத்தை நடித்துக் காட்டும் குழுக்கள் கொம்பைக் கண்டாலே முகம் சுளிக்கின்றன. இங்கிலாந்தில் 1986-ல் தொடங்கிய 'ரெஜியா ஆங்குலோரம்' குழுவில் உடை, காலணி, கத்தி எல்லாவற்றுக்கும் சான்று வேண்டும். மற்ற நாட்களில் சாதாரண வேலை பார்ப்பவர்கள்தான், விடுமுறை நாட்களில் ஆயிரம் வருடம் பின்னால் போகிறார்கள்.

சரி, அந்த ஆயிரம் வருடத்துக்கு முன் நம் பக்கம் என்ன நடந்தது?

முன்பு பெரம்பலூர் மாவட்டத்தோடு சேர்ந்திருந்து, 2007-ல் தனி மாவட்டமான அரியலூரில், ஜெயங்கொண்டம் அருகே இருக்கிறது கங்கைகொண்ட சோழபுரம். வைக்கிங்குகளின் கடைசிக் காலமும் முதலாம் ராஜேந்திர சோழனின் ஆட்சிக் காலமும் (1014 - 1044) ஒன்றுதான். 1025-ல் அவனுடைய கப்பற்படை கடாரம் வரை சென்றது. அவன் பிறந்த நட்சத்திரம் ஆடித் திருவாதிரை என்று திருவாரூர்க் கல்வெட்டு சொல்கிறது. அந்த நாள் இப்போது கங்கைகொண்ட சோழபுரத்தில் அரசு விழாவாகக் கொண்டாடப்படுகிறது. கடற்படையெடுப்பின் ஆயிரமாவது ஆண்டு என்பதால் 2025 ஜூலையில் 5 நாட்கள் விழா நடந்தது, பிரதமரும் வந்திருந்தார்.

பழைய காலத்தை நடித்துக் காட்டுவது நமக்குப் புதிதும் அல்ல. தஞ்சைப் பெரிய கோயிலில் இரண்டாம் ராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. வைகாசி விழாவில் 'ராஜராஜேசுவர நாடகம்' ஆடுபவருக்கு ஆண்டுக்கு 120 கலம் நெல் தர வேண்டும் என்கிறது அது. நாடகத்தின் ஒரு வரிகூட இன்று நம்மிடம் இல்லை. நடிகருக்குக் கொடுத்த சம்பளக் கணக்கு மட்டும் கல்லில் பத்திரமாக இருக்கிறது!

இங்கேதான் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். டென்மார்க்கில் ரோஸ்கில்டே கடல்நீரில் மூழ்கிக் கிடந்த வைக்கிங் கப்பல்களை 1962-ல் தோண்டி எடுத்தார்கள். அதில் ஒரு போர்க்கப்பல் 1042-ல் வெட்டிய மரத்தால் அயர்லாந்தின் டப்ளினில் கட்டப்பட்டது. அதாவது ராஜேந்திரன் உயிரோடு இருந்தபோது! அருங்காட்சியகத்தார் பழைய முறையிலேயே கோடாரியால் மரம் செதுக்கி அதே போல ஒரு கப்பல் கட்டினார்கள். 2007-ல் சுமார் 60 பேர் அதை டப்ளினுக்கு ஓட்டிச் சென்றார்கள். குளிர், ஈரம், இட நெருக்கடி, காற்றில்லாத நாட்கள்... ஏட்டில் இல்லாத விஷயங்கள் பல அந்தப் பயணத்தில் தெரிந்தன. இந்தியக் கடற்படையும் அஜந்தா ஓவியத்தைப் பார்த்து, பலகைகளைக் கயிற்றால் தைத்து 'கௌண்டின்யா' என்ற கப்பலைக் கட்டி, 2025 டிசம்பரில் போர்பந்தரிலிருந்து மஸ்கட்டுக்கு அனுப்பியது.

ஆனால் ராஜேந்திரனின் கப்பலை அப்படிக் கட்ட முடியாது. கடாரம் சென்ற கப்பல்களில் ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை. பல கலங்களைக் கடலில் செலுத்தினான் என்று மெய்க்கீர்த்தி சொல்கிறது. கப்பலின் நீளம், மரம், பாய் பற்றி எதுவும் சொல்லவில்லை. விழாப் பதாகைகளில் நாம் பார்க்கும் பிரம்மாண்டமான சோழர் கப்பல் ஓவியரின் கற்பனை. ஒரு வகையில் அதுவும் கொம்பு வைத்த தலைக்கவசம்தான்.

அப்படியானால் சான்றோடு செய்து காட்ட நம்மிடம் எதுவுமே இல்லையா? இருக்கிறது. கங்கை வரை வென்ற நினைவாக ராஜேந்திரன் வெட்டிய சோழகங்கம் ஏரி. இன்று அதன் பெயர் பொன்னேரி. வெற்றிக்கு மற்ற அரசர்கள் கல்லில் தூண் நட்டார்கள். அவன் நட்டது நீரால் ஆன தூண் என்கின்றன திருவாலங்காட்டுச் செப்பேடுகள். அவனுடைய அரண்மனை மாளிகைமேட்டில் செங்கல் அடித்தளமாகவும் கூரை ஓடுகளாகவும் இரும்பு ஆணிகளாகவும்தான் மிஞ்சியிருக்கிறது. கோயில் மதில் கற்களை 1836-ல் கொள்ளிடத்தின் கீழணை கட்ட எடுத்துப் போய்விட்டார்கள். ஏரியின் கரை மட்டும் தூர்ந்தும் உடைந்தும் அதே இடத்தில் கிடக்கிறது. அதைச் சீரமைக்க 2025-ல் தமிழக அரசு நிதி அறிவித்தது.

அட்டைக் கிரீடமும் ஜரிகை வேட்டியும் விழாவுக்கு அழகுதான், வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. ஆனால் மண்ணை வெட்டிச் சுமந்து கரை போட்டவர்களின் வேலையை யார் நடித்துக் காட்டுவது? ஏரியைத் தூர்வாரி, கரையைப் பலப்படுத்தி, வரத்து வாய்க்காலைத் திறந்து விட்டால் அதற்கு வேடமே தேவையில்லை. சுற்றியுள்ள வயலுக்கும் தண்ணீர் கிடைக்கும். சிந்தித்துப் பாருங்கள் நண்பர்களே!